தேன்கூட்டில் துப்புரவுப் பணி

இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வாங்கக் கடன் கோரும் மனுக்கள் சங்கங்களுக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. மனுதாரர்கள் கூறும் காரணங்கள் எளியவை. நம் நாட்டு அடுக்குத் தேனீயைவிட இத்தாலியத் தேனீ பன்மடங்கு தேன் சேர்க்கிறது. கூட்டைத் துறந்து ஓடிப்போகும் குணம் அதற்குக் குறைவு. பூக்கும் பயிர் எங்கே உண்டோ அங்கே பெட்டிகளை வண்டியில் ஏற்றிச் செல்லலாம். இவை யாவும் உண்மையே. ஆயினும் அம்மனுக்களில் எழுதப்படாத செலவினம் ஒன்று உண்டு. கடுகளவே உள்ள ஓர் உண்ணியினால் வரும் செலவு அது. அதனைக் கணக்கில் சேர்க்காமல் கடன் கொடுக்கும் சங்கமும், கடன் வாங்கும் அங்கத்தினரும் இரண்டொரு வருஷத்திற்குள் வெறும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க நேரிடும். ஆகவே அவ்வுண்ணியைப் பற்றியும், அதனை எதிர்த்துத் தேனீக்கள் தாமே நடத்தும் துப்புரவுப் பணியைப் பற்றியும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். நெசவாளர் அன்பர்கள் இது தமக்கு வேண்டாத பொருள் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாவில் அறுந்த இழையைக் கண்டதும் தறியை நிறுத்தி முடிந்துவிட்டு மேலே நெய்கிறவர்களுக்கு இச்செய்தி மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும்.

உண்ணி வந்த வழி

இவ்வுண்ணிக்கு வர்ரோவா என்று பெயர். ஜாவாத் தீவில் ஆசியத் தேனீயின் கூட்டிலிருந்து எடுக்கப்பட்டு, 1904-ஆம் ஆண்டில் ஊடெமன்ஸ் என்னும் டச்சு அறிஞரால் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. உலகெங்கும் இத்தாலியத் தேனீயை அழித்துவருவது அதற்கு நெருங்கிய வேறோர் இனம் என்பதை ஆண்டர்சன், ட்ரூமன் என்னும் இருவர் 2000-ஆம் ஆண்டில் நிலைநாட்டி, 'அழிப்பது' என்று பொருள்படும் டெஸ்ட்ரக்டர் என்ற பெயரை அதற்குச் சூட்டினர். பெயர் மிகையன்று.

வளர்ந்த பெண் உண்ணி செம்பழுப்பு நிறமுடையது. நண்டின் ஓடுபோல் தட்டையாய், நீளத்தைவிட அகலம் மிகுந்து, குறுக்கே ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டிருக்கும். தேனீயின் அடிவயிற்றுத் தகடுகளின் இடுக்கில் செருகிக்கொண்டிருப்பதால் பழகாத கண்ணுக்கு எளிதில் தென்படாது. இது தேனீயின் இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது என்றே நூல்கள் வெகுகாலம் எழுதி வந்தன. 2019-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வளர்ந்த தேனீயிடம் அது முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவையே என்று காட்டியது. நமக்கு ஈரல் எப்படியோ அப்படியே தேனீக்கு அத்திசு. அது குன்றிய தேனீ நோயைத் தாங்காது, ஆயுளும் குறையும். போதாக்குறைக்கு உண்ணி கடிக்கும்போது வைரஸ் நோய்களையும் செலுத்திவிடுகிறது. சுருங்கிப்போன இறகுகளோடு பறக்க இயலாமல் பெட்டியின் வாயிலில் தவழும் தேனீக்களைக் கண்டால் உண்ணி பெருகிவிட்டது என்று கொள்ளலாம்.

அது பெருகும் முறை கவனிக்கத்தக்கது. புழு வளர்ந்து, அதன் அறைக்கு வேலைக்காரத் தேனீக்கள் மெழுகு மூடி இடும் தறுவாயில், தாய் உண்ணி உள்ளே நுழைந்து புழுவின் அடியிலுள்ள உணவுக் குழம்பில் ஒளிந்துகொள்கிறது. மூடி இட்ட மூன்றாம் நாள் அளவில் முதல் முட்டை, அது ஆண். பிறகு சுமார் 30 மணிக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். உடன்பிறந்த ஆணோடு அப்பெண்கள் அறைக்குள்ளேயே கூடிவிடுகின்றன. தேனீ முதிர்ந்து மூடியைக் கடித்துக்கொண்டு வெளிவரும்போது தாயும், முதிர்ந்த மகள்களும் அதன் மேலேறி வெளியே வருகின்றன. முதிராதவையும் ஆணும் உள்ளேயே மடிகின்றன. இத்தாலிய இனத்தில் வேலைக்காரத் தேனீயின் அறை சுமார் 12 நாட்கள் மூடிக்கிடக்கும்; ஆண் தேனீயின் அறையோ 14, 15 நாட்கள். அந்த இரண்டு மூன்று நாட்கள் கூடுதலில் இன்னும் ஒரு மகள் முதிர்ந்துவிடும். ஆதலால் உண்ணி ஆண் தேனீயின் அறையையே பெரிதும் நாடுகிறது. மூடிய அறையே அதற்குப் பிரசவ அறை. அம்மூடியை நடுவில் யாராவது திறந்துவிட்டால் அதன் குடித்தனம் கெட்டது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது தெளிவாகும்.

நெடுங்காலம் ஆசியத் தேனீயோடு மட்டுமே வாழ்ந்திருந்த இவ்வுண்ணி, மேல்நாட்டுத் தேனீக்களைக் கீழைநாடுகளுக்குக் கொண்டுவந்து இரண்டையும் அருகருகே வைத்ததன் பயனாக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. பிறகு பெட்டிகளும் ராணித் தேனீக்களும் விலைக்குப் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. 1987-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், 1992-ல் இங்கிலாந்திலும், 2000-ல் நியூஸிலாந்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா மாத்திரம் தப்பியிருந்தது. 2022 ஜூனில் நியூகாஸில் துறைமுகத்தருகே வைத்திருந்த காவல் பெட்டிகளில் அங்கும் தலைகாட்டியது. ஆயிரக்கணக்கான தேனீக் குடும்பங்களைக் கொன்று ஒழித்துப் பார்த்தும் பயனின்றி, உண்ணியை அடியோடு அழிக்கும் முயற்சியை 2023 செப்டம்பரில் அந்நாடு கைவிட்டது.

நாட்டுத் தேனீயின் சாமர்த்தியம்

அப்படியானால் நம் தோட்டத்து அடுக்குத் தேனீ ஏன் அழியவில்லை? உண்ணிக்கும் அதற்கும் உள்ள உறவு மிகப் பழையது. பழகிய பகைவனை அது அறிந்து வைத்திருக்கிறது. உடம்பின்மேல் உண்ணி ஏறினால் தேனீ தன் கால்களால் தள்ளுகிறது. இயலாவிடில் உடலை ஆட்டித் தோழிகளை அழைக்கிறது. அவை வந்து தாடைகளால் பற்றி எடுத்து எறிகின்றன. வேலைக்காரத் தேனீயின் அறையில் உண்ணி புகுந்தால் அந்தப் புழுவையே வெளியே இழுத்துப் போட்டுவிடுகின்றன. ஆகவே அவ்வறைகளில் உண்ணி குடும்பம் நடத்த முடிவதில்லை. ஆண் தேனீயின் அறை ஒன்றுதான் அதற்கு எஞ்சுகிறது.

அங்கேயும் ஓர் ஏற்பாடு உண்டு. அடுக்குத் தேனீயின் ஆண் அறை மூடியின் நடுவே ஊசிமுனை நுழையும் அளவு ஒரு துளை இருப்பதைப் பெட்டி திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அம்மூடி கடினமானது. உண்ணிகள் பல புகுந்து நலிவுற்ற ஆண் தேனீக்கு அதனைத் திறக்கும் வலிமை இராது. வேலைக்காரத் தேனீக்களும் அதனைத் திறந்து உதவுவதில்லை. உள்ளே தேனீயும் உண்ணிகளும் ஒருங்கே சமாதியாகின்றன. ஆண் தேனீ சிலவற்றை இழந்து குடும்பம் பிழைக்கிறது. இரக்கமற்ற ஏற்பாடுதான், ஆனால் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வரவு செலவு சரிக்கட்டி வந்திருக்கிறது.

இத்தாலியத் தேனீக்கு இந்தப் பழக்கங்கள் அறவே இல்லை என்பதன்று. மிகக் குறைவாய், சில குடும்பங்களில் மட்டும் உண்டு. அந்தச் சில குடும்பங்களைத் தேடிப் பிடித்ததே கடந்த நூறாண்டுத் தேனீ விஞ்ஞானத்தின் சிறந்த அத்தியாயம் என்பது நமது கருத்து.

இருபத்தொன்பது குடும்பங்கள்

தொடக்கத்தில் இந்த ஆராய்ச்சி உண்ணிக்காக எழுந்ததன்று. புழுக்களை அழுகச் செய்யும் பாக்டீரியா நோய் ஒன்று அமெரிக்காவில் பெட்டி பெட்டியாகத் தேனீக்களை அழித்துக்கொண்டிருந்தது. 1930-க்கு மேற்பட்ட ஆண்டுகளில் பார்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், எல்லாக் குடும்பங்களும் அந்நோயால் மாள்வதில்லை என்று கண்டனர். பிழைத்த குடும்பங்களின் இரகசியத்தை விளக்கியவர் ஒஹாயோ சர்வகலாசாலைப் பேராசிரியர் ரோதன்புலர். பிழைத்தவற்றில் தேனீக்கள் நோயுற்ற புழு இருக்கும் அறையின் மூடியைத் திறந்தன. பிறகு பிணத்தை அகற்றின. நோய்க்கிருமி பரவ முதிர்வதற்கு முன்பே பிணம் வெளியேறிவிட்டது.

திறப்பது ஒரு வேலை, அகற்றுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே குணமா, வெவ்வேறா? ரோதன்புலர் துப்புரவு மிக்க பிரௌன் வமிசத்தையும், துப்புரவற்ற வான் ஸ்காய் வமிசத்தையும் கலந்தார். கலப்பில் பிறந்த தேனீக்கள் துப்புரவு செய்யவில்லை. அக்கலப்பு ராணிகளின் ஆண் மக்களைக் கொண்டு, ஓர் ஆணுக்கு ஒரு ராணி என்ற விகிதத்தில், துப்புரவு வமிசத்து ராணிகளைச் செயற்கை முறையில் கருவுறச் செய்தார். இப்படி 29 குடும்பங்கள் கிடைத்தன. 1964-ல் அவர் வெளியிட்ட முடிவு இது. 6 குடும்பங்கள் மூடியைத் திறந்து பிணத்தையும் அகற்றின. 9 குடும்பங்கள் திறந்தன. ஆனால் பிணத்தை அப்படியே விட்டுவிட்டன. மீதி 14 திறக்கவே இல்லை. பேராசிரியர் அதோடு நிற்காமல், அந்தப் பதினான்கிலும் தம் கையாலேயே மூடிகளைத் திறந்து வைத்தார். அவற்றில் 6 குடும்பங்கள் உடனே பிணங்களை இழுத்துப் போட்டன. 8 குடும்பங்கள் எதுவும் செய்யவில்லை.

ஆறு, ஒன்பது, ஆறு, எட்டு. நான்கும் ஏறத்தாழக் கால் கால் பங்கு. திறக்கும் குணத்திற்கு ஒரு மரபுக்கூறு, அகற்றும் குணத்திற்கு ஒன்று, இரண்டும் அடங்கிநிற்பவை என்று கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது. எத்தனையோ பாடநூல்களில் இவ்வுதாரணம் இடம்பெற்றது. கணக்கு நேரானதாலேயே அது மெய்யாகிவிடாது என்பது தணிக்கை செய்பவர்களுக்குத் தெரியும். 2002-ல் நுண்ணிய முறைகளில் ஆராய்ந்தபோது இரண்டு அல்ல, ஏழு மரபிடங்கள் இக்குணத்தோடு தொடர்புடையனவாகத் தோன்றின. ஆனாலும் துப்புரவு என்பது பிறவிக்குணம், தேர்ந்தெடுத்து வளர்க்கத்தக்கது என்ற அடிப்படை அசையவில்லை. வேறொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. பிரௌன் தேனீக்கள் பொல்லாதவை. வான் ஸ்காய் தேனீக்கள் சாதுவானவை. கலப்பில் பார்த்தபோது கொட்டும் குணம் துப்புரவோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. துப்புரவான தேனீ வேண்டுமென்றால் கொட்டுகளையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதில்லை.

ஊசிச் சோதனை

மின்னசோட்டா சர்வகலாசாலையில் மார்லா ஸ்பிவாக் அம்மையார் இவ்வேலையை உண்ணிக்கு எதிராகத் திருப்பினார். துப்புரவில் சிறந்த குடும்பங்களைப் பல தலைமுறை தெரிந்தெடுத்து அவர் உருவாக்கிய வமிசம் அமெரிக்கத் தேனீ வளர்ப்போரிடையே பரவிற்று. அவர் பின்பற்றிய சோதனை மிக நேரானது. மூடிய அறைகள் நிறைந்த அடையின்மேல் ஒரு வளையத்தை அழுத்தி, அதற்குள் திரவ நைட்ரஜனை ஊற்றினால் சுமார் 160 கூட்டுப்புழுக்கள் உறைந்து மாளும். சட்டத்தைப் பெட்டியில் திரும்ப வைத்து 24 மணி நேரங் கழித்து எண்ண வேண்டும். நூற்றுக்கு 95 அறைகளாவது காலியாயிருந்து, மறுமுறை சோதித்தபோதும் அப்படியே இருந்தால் அது துப்புரவுக் குடும்பம்.

நம் சங்கத்தில் திரவ நைட்ரஜன் ஏது? வேண்டுவதில்லை. மூடிய அடையில் ஒரு துண்டை வெட்டி, குளிர்பெட்டியின் உறைபனி அறையில் ஒருநாள் வைத்து எடுத்து, சோதிக்க வேண்டிய பெட்டியின் அடையில் பொருத்திவிடலாம். அதுவும் இயலாதவர்களுக்கு மெல்லிய ஊசி உண்டு. வரிசையாக நூறு மூடிய அறைகளில் மூடியின் நடுவே ஊசியைச் செலுத்தி, உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்று, சட்டத்தில் அடையாளமிட்டு, மறுநாள் அதே வேளையில் எண்ண வேண்டும். குத்தும்போது கசியும் திரவத்தின் மணம் தேனீக்களுக்குத் துப்புக் கொடுத்துவிடுவதால் ஊசிச் சோதனை சற்று இளகியது. உறையவைக்கும் சோதனையே கறாரானது. ஒரு பண்ணைக்குள் பெட்டியோடு பெட்டியை ஒப்பிட ஊசி போதும்.

இப்பணியைச் செய்பவை சுமார் 15 நாள் வயதான தேனீக்கள் என்று கண்டிருக்கிறார்கள். அதாவது புழுவுக்கு உணவூட்டும் பருவம் கடந்து, வெளியே தேன் தேடப் போகும் பருவம் வராத நடுவயதுத் தேனீக்கள். மூடிக்குள் நேர்ந்த கேட்டை அவை மணத்தால் உணர்கின்றன. துப்புரவுக் குடும்பத்துத் தேனீக்களுக்கு மோப்பம் கூர்மை. மிக மெல்லிய நாற்றத்தையே பிடித்துவிடுகின்றன.

லூயிசியானாவில் பேட்டன் ரூஜ் நகரத்து அரசாங்க ஆய்வுக்கூடத்தில் நடந்தது வேடிக்கையான கதை. ஹார்போ, ஹாரிஸ் என்னும் இருவர் சில குடும்பங்களில் உண்ணிகள் முட்டையிடாமல் மலடாகக் கிடப்பதைக் கண்டு, உண்ணியை மலடாக்கும் ஏதோ சக்தி அத்தேனீக்களுக்கு உண்டு என்று கருதி அவற்றைப் பெருக்கினார்கள். பிற்பாடுதான் உண்மை விளங்கிற்று. முட்டையிட்ட உண்ணிகள் இருந்த அறைகளைத் தேனீக்கள் தேடித் திறந்து காலி செய்துவிட்டன. திறக்காமல் விட்ட அறைகளில் எஞ்சியவை மலட்டு உண்ணிகள். மனிதர் கண்ணில் பட்டவையும் அவையே. காரணம் தவறாயினும் தேர்வு சரியாக இருந்ததால், உண்ணியை மோப்பம் பிடிக்கும் சிறந்ததொரு வமிசம் கிடைத்துவிட்டது.

எல்லை எது?

இவ்வளவையும் படித்துவிட்டு, துப்புரவுத் தேனீ வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எவரும் எண்ணலாகாது. செத்த புழுவை அகற்றும் குடும்பமெல்லாம், உண்ணி கடித்தும் உயிரோடிருக்கும் புழுவை அதே தீவிரத்தோடு அகற்றுவதில்லை. முன்னதில் முதல்தரமாய் நின்று பின்னதில் பின்தங்கிய குடும்பங்கள் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த காட்லாந்து தீவில் 1999-ல் 150 குடும்பங்களை மருந்தின்றி விட்டுப் பார்த்தார்கள். முதல் சில ஆண்டுகளில் மிகப் பெரும்பாலானவை மாண்டன. எஞ்சிய சில நிலைபெற்றன. அவை பிழைத்தது சிறப்பான துப்புரவினால் அன்று. அவற்றின் அறைகளில் உண்ணியின் பெருக்கமே குன்றியிருந்தது. பிழைக்க ஒரு வழிதான் உண்டு என்ற நியதி இல்லை.

நம் நாட்டில் இத்தாலியத் தேனீக்கு இன்னொரு பகையும் காத்திருக்கிறது. டிராபிலேலாப்ஸ் என்னும் நீண்ட, விரைந்தோடும் உண்ணி மலைத்தேனீயின் கூட்டில் வாழ்வது. அங்கிருந்து இத்தாலியப் பெட்டிக்குத் தாவுகிறது. வளர்ந்த தேனீயை உண்டு வாழும் திறம் அதற்கு இல்லை. புழு இல்லாத கூட்டில் சில நாட்களில் மாண்டுபோகும். ஆகவே ராணியைக் கூண்டிலிட்டுச் சில வாரம் முட்டையை நிறுத்துவது அதற்கு நல்ல வைத்தியம். மலைத்தேனீ தொங்கும் மரத்தடியில் இத்தாலியப் பெட்டிகளை அடுக்குவதைத் தவிர்ப்பது அதனினும் நன்று.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃப்ளூவாலினேட் தோய்த்த பட்டைகள் முதலில் அற்புதமாக வேலை செய்தன. 1990-க்கு மேல் பல நாடுகளில் உண்ணிகள் அதற்குப் பணியாமல் போயின. மருந்தும் மெழுகிலே தங்கிவிட்டது. ஃபார்மிக் அமிலத்தின் ஆவி மூடிய அறைக்குள்ளும் ஊடுருவும். ஆனால் நமது வெயிலில் அளவு மீறினால் புழுவும் சாகும், ராணியும் சாவதுண்டு. கையும் கண்ணும் வெந்துபோகும். ஆண் தேனீ அடையைக் கட்டவிட்டு, மூடியதும் வெட்டி எறிவது செலவில்லாத உபாயம். எதைச் செய்வதாயினும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சுமார் முந்நூறு தேனீக்களை வலை மூடியிட்ட சீசாவில் எடுத்துப் பொடித்த சர்க்கரையைத் தூவிக் குலுக்கினால் உண்ணிகள் பிடி நழுவிச் சர்க்கரையோடு உதிரும். தேனீக்கள் சேதமின்றிக் கூட்டுக்குத் திரும்பும். நூறு தேனீக்கு மூன்று உண்ணி என்ற அளவை எட்டிவிட்டால் காத்திருக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

நமது பக்கத்தில் துப்புரவின் மதிப்பு உண்ணியினாலன்றி வேறொரு நோயினால் தெரியவந்தது. தாய்லாந்தில் 1976-ல் காணப்பட்ட பைப்புழு நோய் என்னும் வைரஸ் வியாதி 1991, 92-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் புகுந்தது. புழுக்கள் நீர் நிறைந்த பைகளாகி, தலை நிமிர்ந்து தோணிபோல் வளைந்து அறைகளிலேயே மடிந்தன. பாதிரியார் நியூட்டன் வகுத்துக் கொடுத்த ஏழு சட்டப் பெட்டியில் நெடுங்காலமாகத் தேனீ வளர்த்து வந்த மார்த்தாண்டம் பகுதியிலும், கேரளத்திலும் பெரும்பாலான குடும்பங்கள் அழிந்தன. தேனை நம்பியிருந்த வீடுகள் பல வேறு தொழில் தேடின. எனினும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடும்பங்கள் தப்பின. அவற்றிலிருந்து பிரித்துப் பிரித்தே அத்தொழில் மறுபடி எழுந்தது. வெளிநாட்டு வமிசம் எதனாலும் அன்று.

இப்பொழுது இக்கட்டு யாதெனில், தனி ஒருவர் தம் பண்ணையில் எவ்வளவு கவனமாகத் தேர்வு செய்தாலும் பலன் பாதியே. ராணித் தேனீ கூட்டுக்குள் சேர்க்கை கொள்வதில்லை. வானில் பறந்து, பல திசையிலிருந்து வந்த பத்து இருபது ஆண் தேனீக்களோடு கூடுகிறது. அவற்றில் பல அடுத்த தோட்டத்தாருடைய பெட்டிகளிலிருந்து வந்தவை. அவர் துப்புரவற்ற குடும்பங்களையே வைத்திருப்பாரானால் நம் ராணியின் மக்களிலும் பெரும்பகுதி அவ்வழியே போகும். உண்ணியும் அவ்வாறே. நலிந்த பெட்டியில் தேனைக் கொள்ளையிடப் போகும் தேனீக்கள் உண்ணியையும் சுமந்து திரும்புகின்றன. பக்கத்துப் பெட்டியின் நோய் பக்கத்தாரின் சொந்த விஷயமாக இருப்பதில்லை.

ஆதலால் ஒரு கிராமத்தில் பெட்டி வைத்திருக்கும் அங்கத்தினர் யாவரும் ஒரே வாரத்தில் ஊசிச் சோதனை செய்து, பெட்டி எண், குத்திய அறைகள், மறுநாள் காலியான அறைகள் ஆகிய மூன்றையும் சங்கத்திலுள்ள ஒரே நோட்டில் பதிந்துகொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு ஓர் ஊசியும் ஒரு நோட்டுமே. முதல்தரமான குடும்பங்களிலிருந்து ராணி அறைகளை எடுத்து மற்ற அங்கத்தினருக்குப் பகிர்ந்து கொடுப்பதும், கடைத்தரமானவற்றில் ஆண் தேனீ அடைகளை வெட்டிவிடுவதும் அடுத்த படி. துப்புரவு மிகுந்த பெட்டிக்காரருக்கு இதில் நஷ்டம் என்று சிலர் முணுமுணுக்கக்கூடும். சுற்றிலும் உள்ள ஆண் தேனீக்கள் நல்ல வமிசமாக மாறினாலன்றி அவருடைய வமிசமும் நில்லாது என்பதை அவருக்கே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இத்தாலியப் பெட்டிக்குக் கடன் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. மனுவில் மருந்து, சர்க்கரை, மாற்று ராணி ஆகியவற்றின் வருடாந்தரச் செலவும், விற்பவர் பெட்டிகளில் எண்ணிய உண்ணிக் கணக்கும் இருக்கட்டும். அக்கணக்கைக் காட்ட மறுக்கும் வியாபாரியிடம் பெட்டி வாங்கக் கடன் வேண்டாம். அடுக்குத் தேனீ வைத்திருப்பவர்கள் ஊசிச் சோதனையை குடும்பங்கள் தழைத்தெழும் பருவத்தில், பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னதாகவே செய்து முடிக்க வேண்டும். பிரித்தபின் செய்தால் அந்த ஆண்டுக்குத் தேர்வு என்பதே இல்லாமல் போய்விடும்.